பதினைந்து வரை எண்ண வேண்டும்

…உட்கார் என்றால் உட்கார வேண்டியதுதானே, பிளாஸ்டிக் நாற்காலிதான், கல்யாண வீட்டில் எத்தனை தடவை உட்கார்ந்திருக்கிறேன், இதற்குப் போய் ஏன் இப்படி வேர்க்கிறது, நாலாவது மாடி வராந்தாவில் கடல்காற்று சட்டையைப் பிடித்து இழுக்கிறது, அப்படியும் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது… பதினோரு மணிக்கு ஒத்திகை என்றார்கள், இப்போது பத்தே முக்கால். லாட்ஜில் தீப்பிடித்தது போல மணி அடிப்பார்கள், நடக்க முடிந்தவர்கள் எல்லாம் படி வழியாக இறங்க வேண்டும், நடக்க முடியாத ஒரே ஒரு ஆளை நாற்காலியோடு தூக்கி லிஃப்டில் வைத்து இறக்குவார்கள். அந்த நடக்க முடியாத ஆள் நான். ஏன் நான்? வலது முழங்கால் மடங்காது, பொருத்தமாக இருக்கும் என்று அதிகாரி விரலை நீட்டிவிட்டார், சேதுராமண்ணன்தான் சரியான ஆள் என்று அறை கூட்டுகிற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். முழங்கால் மடங்காதவன் இரண்டு வருசமாக லிஃப்டில் கால் வைக்காமல் ஆறு மாடியும் படியேறிப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறானே, அது ஏன் என்று ஒருத்தி கேட்டாள், முன்பு எப்போதோ. வேண்டுதல் என்றேன். ராமேஸ்வரத்தில் வேண்டுதல் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள், அது ஒரு வசதி.

அதிகாரி என்றால் இப்போது அதிகாரி இல்லை, அப்துல் குத்தூஸ் சார் தீயணைப்பில் இருந்து ஓய்வு பெற்றவர், முதலாளி தேடிப்பிடித்துக் கூட்டி வந்திருக்கிறார். ஆடி அமாவாசைக்கு இன்னும் பத்து நாள்தான், தர்ப்பணம் கொடுக்க வருகிற கூட்டம் அறை அறையாக நிரம்பும், அதற்குள் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். காலையில் வரவேற்பறையில் எங்களை எல்லாம் நிற்கவைத்துப் பாடம் எடுத்தார். வெளிநாட்டில் அறுபது மாடி, எழுபது மாடி என்று கட்டுகிறார்களாம், அங்கே தீப்பிடித்தால் படியிலேயே இறங்கு என்றால் கிழவன் கிழவிகள் என்ன செய்வார்கள், கால் இல்லாதவன் என்ன செய்வான், அவர்களுக்கு லிஃப்ட்தான் வழி என்று இப்போது பேச ஆரம்பித்திருக்கிறார்களாம். "ஆனா அதுக்குத் தனி லைன் வேணும், புகை உள்ள போகாத கதவு வேணும், ஓட்டத் தெரிஞ்ச ஆளு உள்ளயே நிக்கணும். இந்த மூணும் இல்லாம ஏறுனா அது பொணப்பெட்டிதேன்" என்றார். ஆறு மாடிக்கு இதெல்லாம் தேவையா என்று மேனேஜர் ஹமீது சுல்தான் மெல்ல இழுத்தார். சார் அவரைப் பார்த்தார். "நாலாவது மாடியில தங்குன அந்தம்மாதானப்பா செத்துச்சு" என்றார். அவருக்குப் பின்னால் சுவரில் அந்தப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது, தீ விபத்தின்போது லிஃப்டைப் பயன்படுத்தாதீர்கள், சிவப்பு எழுத்து, அன்றைக்கும் அதே இடத்தில்தான் தொங்கியது.

அன்றைக்கும் ஆடி அமாவாசை. லாட்ஜ் முழுக்க ஈரம், கடலில் முங்கி, கோயிலுக்குள் இருபத்திரண்டு கிணற்றுத் தண்ணீரையும் தலையில் வாங்கிக்கொண்டு சொட்டச் சொட்ட வருகிறவர்கள், லிஃப்டுக்குள் குளம், கம்பிக் கதவு ஓடுகிற பள்ளத்தில் மணல், மருது துடைத்துத் துடைத்து அலுத்துப்போய் ஒரு கோணிச்சாக்கை விரித்துப் போட்டிருந்தான். மருதுபாண்டிதான் லிஃப்ட் ஓட்டுகிறவன், என் பெண்டாட்டி பூமயிலுக்குக் கூடப்பிறந்த தம்பி, நான்தான் முதலாளியிடம் சொல்லி அவனைச் சேர்த்துவிட்டேன். நாலாவது மாடியில் இரண்டு அறை எடுத்த ஒரு கூட்டம் அறைக்குள்ளேயே மண்ணெண்ணெய் அடுப்பை வைத்துச் சாம்பார் காய்ச்சியது, கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தும், எழுதி ஒட்டினால் எவன் படிக்கிறான்… அடுப்பு சாய்ந்து மெத்தையில் பிடித்தது. புகை, புகை என்று மேலே இருந்து கத்தல் கேட்டபோது நான் கீழே, மாடிப்படிக்கு அடியில், மோட்டார் சுவிட்ச் போடப் போய் நின்றுகொண்டிருந்தேன். மெயின் போர்டும் அங்கேதான் இருந்தது. லிஃப்டின் குழியும் அதை ஒட்டித்தான். இதெல்லாம் ஒரே இடத்தில் அமைய வேண்டும் என்று எவன் எழுதி வைத்தான்?

கைதான் செய்தது, நான் இல்லை என்று எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். புகை என்று காதில் விழுந்ததும் கை மெயின் கைப்பிடியைக் கீழே இழுத்தது, மூடியைத் திறந்தது, மூன்று பியூஸ் கட்டையையும் ஒன்றன் பின் ஒன்றாகப் பிடுங்கியது. எங்கள் பக்கத்துக் கை அப்படித்தான். ஆர்.எஸ்.மங்கலத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர், கண்மாய்த் தண்ணீர் கடைசித் தடவைப் பாய்ச்சலுக்கு எட்டாது, கிணற்று மோட்டார்தான் கதிரைக் காப்பாற்றும். எனக்குப் பத்தொன்பது வயது, எழுபத்தேழாம் வருசம், கிணற்றுக்குள் மோட்டார் புகைகிறது என்று அய்யா இறங்கினார், நான் மேலே மோட்டார் ரூம் வாசலில் நிற்கிறேன். "ஏலே சேது, பியூஸைப் புடுங்குடா" என்று கத்தினார். நான் புடுங்கவில்லை. ஆளைக் கூப்பிட வரப்பில் ஓடினேன். எதற்கு ஓடினேன்? கட்டை இரண்டு எட்டில் இருந்தது, ஆள் இரண்டு வயல் தள்ளி இருந்தார்கள்… திரும்பி வந்தபோது அய்யாவின் கை மோட்டாரோடு ஒட்டியிருந்தது. பியூஸைப் புடுங்கியிருந்தால் உயிர் தங்கியிருக்கும் என்று எழவுக்கு வந்த அத்தனை பேரும் சொன்னார்கள், என் முகத்தைப் பார்த்தே சொன்னார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் கிணற்றில் ஒரு முறை வைத்தேன். யார் கிணற்றுக்குள் இறங்கினாலும் மேலே நிற்கிறவன் சத்தம் போட்டு எண்ணிக்கொண்டே கட்டைகளைப் பிடுங்க வேண்டும், ஒண்ணு, ரெண்டு, மூணு, கடைசியில் எடுத்தாச்சு என்று கத்த வேண்டும், அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் கீழே இருப்பவன் மோட்டாரில் கை வைப்பான். நான் மேலே நிற்பேன், மருது கீழே இறங்குவான். எத்தனை வருசம், கிணறு வறண்டு, நிலத்தை வேலிக்காத்தான் முள்ளுக்கு விட்டுவிட்டு இந்த லாட்ஜுக்கு வருகிற வரைக்கும். எங்கள் பக்கத்தில் பத்துக் கிணற்றுக்காரர்கள் அதைப் பார்த்துப் பழகினார்கள், சேதுராமன் முறை என்று பெயர்கூட வைத்தார்கள், எனக்கு அதில் கொஞ்சம் பெருமை. அய்யாவுக்குச் செய்யாததை ஊருக்குச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன். ஆறு மாடி லாட்ஜ் ஒரு கிணறு இல்லை என்று அந்தக் கைக்கு யார் சொல்லிக் கொடுப்பது? மேலே ஒருத்தன் மின்சாரத்தை நம்பித் தொங்கிக்கொண்டிருப்பான் என்று அந்தக் கைக்குத் தெரியாது. கட்டைகளைத் துண்டில் முடிந்துகொண்டு, எவனும் விவரம் தெரியாமல் திருப்பிப் போட்டுவிடக் கூடாது என்று தெருவுக்கு ஓடி வந்துவிட்டேன். நல்ல காரியம் செய்தவன் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

தெருவில் கூட்டம். எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள், ஈர வேட்டி, தலையில் இருந்து தண்ணீர் வடிகிறது, கையில் பிரசாதப் பை. அம்மா இறங்கிட்டாகளா, நாலாவது மாடி, கால் எலும்பு முறிஞ்சவுக, தனியா இருந்தாக, யாராச்சும் பாத்தீகளா என்று ஒவ்வொரு முகமாகக் கேட்டுக்கொண்டே வந்தவன் என்னிடமும் கேட்டான். தேனிப் பக்கம் என்று பிறகு தெரிந்தது, அந்த அம்மா பெயர் வீரலட்சுமி, புருசனுக்குத் திதி கொடுக்க வந்தவர். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அப்போதுதான் உள்ளே இருந்து ஓடி வந்தவன் கத்தினான், லிஃப்டு நடுவுல நிக்குது, உள்ள ஆளு இருக்கு, மருது இருக்கான், ஒரு அம்மா இருக்கு… என் துண்டு கனத்தது. மூன்று கட்டை, என்ன கனம் இருக்கும், அரைக் கிலோ இருக்குமா? திரும்பி ஓடியிருக்கலாம். இருபது எட்டு. வாசலில் அப்போது அவ்வளவு புகைகூட இல்லை. தண்ணீர் ஊற்றுகிறார்கள், இப்போது கரண்டைக் கொடுத்தால் வேறு எவனாவது செத்தால் என்று முதலில் நினைத்தேன், அது உண்மைதான், அது பாதி உண்மை. மீதிப் பாதி, கட்டையோடு உள்ளே போனால் கட்டை ஏன் உன் கையில் என்று கேட்பார்களே என்பது. வரப்பில் ஓடினவன் அன்றைக்கு ஓடவில்லை, நின்றான். ஓட வேண்டியபோது நிற்கிறேன், நிற்க வேண்டியபோது ஓடுகிறேன், என்ன பிறவியோ.

முப்பத்தைந்து நிமிடம். மொட்டைமாடிக்குப் போய் லிஃப்ட் மோட்டாரின் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை இறக்கினார்கள். அந்தக் களேபரத்தில் நான் பின்பக்கமாகப் போய்க் கட்டைகளை மாட்டிவிட்டேன், கைப்பிடியை மட்டும் கீழேயே விட்டேன், தண்ணீர் ஊற்றினவர்கள் இறக்கியது போல இருக்கட்டும் என்று. மருது கோணிச்சாக்கை நனைத்து அந்த அம்மா முகத்தில் பிடித்திருந்தானாம், தன் முகத்துக்கு ஒன்றும் இல்லாமல். அந்த அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் போய்விட்டார், இவன் பிழைத்தான், நெஞ்சு கெட்டுப்போய்ப் பிழைத்தான். பிறகு எல்லாரும் பலகையைக் காட்டினார்கள். தீப்பிடித்தால் லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று கொட்டை எழுத்தில் இருக்கிறதே, இவன் ஏன் ஏற்றினான்? கரண்டு எப்படிப் போச்சு என்று எவனும் கேட்கவில்லை, தீயில் வயர் கருகியிருக்கும், அது யாருக்கும் தோன்றுகிற காரணம்தானே. மருது வேலை போய், மண்டபம் ஊரில் மீனுக்கு ஐஸ் உடைக்கப் போனான், இருமல் தாங்காமல் அதையும் விட்டான், ஒரு உசுரைக் கொன்ன கை என்று அவன் மகளைப் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். பூமயில் அடுப்படியில் உட்கார்ந்து அழுவாள். "ஏங்க, எந் தம்பி வேணும்னா செஞ்சான்? நீங்க அன்னைக்கு அங்கனதான இருந்தீக, நாலு பேருகிட்டச் சொல்லக் கூடாதா?" என்பாள். என்னத்தைச் சொல்ல என்று கேட்டுவிட்டு எழுந்து வெளியே போவேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் வருவான், என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவான், குழம்பில் கை வைத்தபடி இருமுவான், ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்தது இல்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது, சொல்ல வெட்கம்தான், நிம்மதியாகத்தான் இருந்தது.

அவனை இப்போது திரும்பக் கூப்பிட்டது குத்தூஸ் சார்தான். கால் முறிஞ்சவளை எப்படி இறக்குவான், தோள்ல போட்டுக்கிட்டு அந்தப் புகையிலயா, அவன் செஞ்சதுதான் சரி, லிஃப்டு ஓடியிருந்தா ஒரு நிமிசத்துல வெளிய வந்திருப்பாக என்று முதலாளியிடம் சண்டை போட்டுக் கூட்டி வந்தார். நேற்றுப் போர்டைத் திறந்து பார்த்துக்கொண்டே என்னைக் கேட்டார். "எனக்கு ஒண்ணுதேன் புரியல அண்ணே. தீ ரூமை விட்டு வெளிய வரவே இல்லை, எந்த வயரும் கருகல. அப்பக் கரண்டு எப்படிப் போச்சு? நீங்கதானே மோட்டார் பாக்குறவுக?" தெரியலையே சார் என்றேன். அவர் சரி என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது? ஒன்றும் இருந்திருக்காது. வெறும் சிரிப்பாக இருக்கும். ராத்திரி முழுக்க அந்தச் சிரிப்பையே புரட்டிப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்… அவர் என்னைத் தேர்ந்தெடுத்தது முழங்காலுக்காகத்தானா?

மணி அடித்துவிட்டது. அறைக் கதவுகள் திறக்கின்றன, பெண்கள் சிரித்துக்கொண்டு படியில் இறங்குகிறார்கள், நான்கு பேர் என்னைத் தூக்குகிறார்கள், நாற்காலிக் கால் சுவரில் இடிக்கிறது, பொணத்தைத் தூக்குகிற மாதிரி தூக்காதீங்கடா என்று சொல்ல நினைத்தேன். புதிய இரும்புக் கதவு திறந்தது, உள்ளே அதே பழைய கம்பிக் கதவு, துருவுக்கு மேல் பச்சை பெயின்ட், கதவின் கைப்பிடியில் மருதுவின் கை. "வாங்க மச்சான்" என்றான். நாற்காலியை வைத்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். கதவு சாத்திக்கொண்டது. குத்தூஸ் சார் சொல்லியிருந்தார், நடுவில் மேனேஜர் கீழே மெயினை இறக்குவார், இருட்டும், லிஃப்ட் நிற்கும், பயப்பட வேண்டாம், தனி ஜெனரேட்டர் தானாக எடுக்கும், பதினைந்து எண்ணுவதற்குள் எடுத்துவிடும், உள்ளே இருப்பவர் வாய்விட்டு எண்ண வேண்டும், எண்ணினால் மனசு பதறாது. சரி சார் என்று தலையாட்டினேன். இரண்டே பேர், நானும் அவனும், இதற்கு முன் இப்படித் தனியாக இருந்தது கிணற்றடியில்தான். அவன் முதுகு எனக்கு நேராக இருந்தது, மூச்சில் ஒரு சீழ்க்கை. லிஃப்ட் ஆடி, இறங்க ஆரம்பித்தது. சொல்லிவிடலாமா? இங்கேயே, இப்போதே, யாரும் இல்லை… மருது, அன்னைக்கு நான்தேன் என்று நாலு வார்த்தை. ஒரு அடி, இரண்டு அடி, நாலாவது மாடியின் தரை கண்ணுக்கு மேலே போயிற்று.

டக்கென்று இருட்டு. மின்விசிறி ஓய்ந்தது, லிஃப்ட் நின்றது, அதே இடம், நாலுக்கும் மூன்றுக்கும் நடுவே. எவ்வளவு அமைதி. கீழே யாரோ செருப்பைத் தேய்த்து நடப்பது கேட்கிறது, ஹமீது சுல்தான் தொண்டையைச் செருமுவதுகூடக் கேட்கிறது, இவ்வளவு தெளிவாகக் கேட்குமா இங்கே, குழாய்க்குள் பேசுகிற மாதிரி, அந்தப் போர்டு இருக்கிற மூலையில் ஒரு ஆணி விழுந்தால்கூட… எண்ண வேண்டும். எண்ணினால் பதறாது. கண்ணை மூடிக்கொண்டேன், மூடினாலும் மூடாவிட்டாலும் ஒன்றுதான். ஒண்ணு என்றேன். என் குரல் பெட்டிக்குள் முட்டித் திரும்பி வந்தது. ரெண்டு. மருது இருமவில்லை, மூச்சுச் சத்தமும் நின்றுபோயிருந்தது. மூணு.

"எடுத்தாச்சு" என்றான் மருது.

மெல்லத்தான் சொன்னான். கிணற்றுக்குள் நின்று அவன் என்னிடம் கேட்டுப் பழகிய அதே இழுப்பு, சு-வில் கொஞ்சம் நீட்டி, என் குரலை என்னிடமே தந்தான். நான்கு வரவில்லை. நான்கு என்பது எப்படி இருக்கும் என்றே மறந்துவிட்டது. அன்றைக்கு நான் கத்தியிருக்கிறேன். கை மட்டும் செய்யவில்லை, வாயும் சேர்ந்து செய்திருக்கிறது, ஒண்ணு ரெண்டு மூணு எடுத்தாச்சு என்று படிக்கு அடியில் நின்று முறைப்படி சத்தம் போட்டு எண்ணியிருக்கிறேன், இரண்டு வருசமாக இந்த ஒன்று மட்டும் எனக்கு ஞாபகத்தில் வரவே இல்லை, மேலே இவன் இருட்டில் நின்று கேட்டிருக்கிறான். எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை சாப்பாடு… "அந்தம்மாட்டச் சொன்னேன் மச்சான்" என்றது இருட்டு. "பயப்படாதீகம்மா, எங்க மச்சான் கீழதான் நிக்கிறாக, அவுக கொரலு கேட்டுச்சு, இந்தா இப்பத் திருப்பிப் போட்ருவாகன்னு. அதுவும் சரி தம்பி, சரி தம்பின்னுச்சு. ரொம்ப நேரம் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

விளக்கு வந்துவிட்டது. விசிறி சுற்றியது, லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது, மருது திரும்பவில்லை, கைப்பிடியைப் பிடித்தபடி கம்பிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான், பிடரியில் நரைத்த முடி, எப்போது நரைத்தது இவனுக்கு? மூன்று போயிற்று. இரண்டு போயிற்று. ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்க வேண்டும், அக்காளுக்காகவா, எனக்காகவா, இல்லை நானே சொல்லட்டும் என்று வாராவாரம் எதிரே வந்து உட்கார்ந்தானா, கேட்டால் பதில் சொல்லிவிடுவானே என்று பயமாக இருந்தது. ஒன்று. தரை. கம்பிக் கதவு கிரீச்சென்றது, இரும்புக் கதவு திறந்தது, வெளியே எல்லாரும் கைதட்டினார்கள், முதலாளி சிரித்தார், கூட்டுகிற பெண்கள் சேதுராமண்ணே என்று கத்தினார்கள். குத்தூஸ் சார் கடிகாரத்தையும் ஒரு தாளையும் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "பதினாலு செகண்டுல எடுத்திருச்சு, ரொம்ப நல்லாருக்கு" என்று எழுதிக்கொண்டே கேட்டார். "நீங்க எத்தனை வரைக்கும் அண்ணே எண்ணுனீக?" மருது ஒரு துணியை எடுத்துக் கதவுப் பள்ளத்தில் இல்லாத மணலைத் துடைத்துக்கொண்டிருந்தான், கை ஒரே இடத்தில் போய்ப் போய் வந்தது. மூணு சார் என்றேன், மூணு வரைக்கும்தான் எண்ணினேன், அன்னைக்கும்… என்று வந்தது வாயில். அவருடைய பேனா நின்றது, மருதுவின் கையும் நின்றது, எல்லாரும் நான் அடுத்துச் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தார்கள்.